‘ஆமி டிசைன்’ சட்டை: அணிவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகளை விற்கும் சிறிய கடை இருக்கிறது. கழுத்துப் பட்டியில் உள்ள வெளிநாட்டு லேபிளைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டியிருப்பார்கள்; விலை மலிவு, துணி நல்லது. அக்காவின் மகனுக்கு ஆறாவது பிறந்தநாள் வந்தபோது, கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த மாமியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். குவியலிலிருந்து ஒரு சட்டையை உருவினேன். வெளிர்பச்சை, கரும்பச்சை, மண்ணிறம், கறுப்பு என்று திட்டுத்திட்டாக நான்கு நிறங்கள், இராணுவச் சீருடையைப் போல. “ஆமி டிசைன் அக்கா, சின்னப் பிள்ளைகளுக்கு நன்றாகப் போகிறது” என்றான் கடைப் பையன்.

மாமி சட்டையை என் கையிலிருந்து வாங்கினார். தரம் பார்ப்பதுபோல் துணியை விரல்களுக்கிடையில் ஒருமுறை தேய்த்தார். பிறகு மடித்து, குவியலின் அடியில், முன்பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார். “வேறு பார் பிள்ளை” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆடைத் தொழிற்சாலையில் துணி வாங்கும் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை செய்தவள் நான். அச்சுத் துணி என்றால் நிறம் போகுமா, சுருங்குமா, மீட்டர் என்ன விலை என்று பார்த்தே பழகியவள். அந்தச் சட்டையில் மாமி கண்டதை நான் காணவில்லை. “வெறும் டிசைன்தானே, போட்டால் என்ன?” என்று இளையவர்கள் கேட்கும்போதெல்லாம் மாமியின் கைதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்தவரை எளிமையாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

துணி பேசும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. தமிழ்நாட்டில் கறுப்பும் சிவப்பும் ஓடும் கரைவேட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் தெருவில் இறங்கினால், அவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கத் தேவையில்லை. இலங்கையில் ராஜபக்ஷ குடும்பத்தார் கழுத்தில் போடும் குரக்கன் நிறச் சால்வையும் அப்படித்தான். வாக்களிக்கப் போகும் காலையில், பச்சை உடுப்பதா நீலம் உடுப்பதா என்று அலுமாரி முன்னால் தயங்கி நின்றவர்கள் நம் வீடுகளில் உண்டு. பச்சை நிறத்துக்கு இயற்கையில் கட்சி கிடையாது. பல ஆண்டுகளாகப் பலர் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பொருள் அதில் ஏறியிருக்கிறது. உடுத்துபவர் நினைக்காவிட்டாலும் பார்ப்பவர் அதை வாசித்துவிடுகிறார். ஒரு கோலத்தை அணிவது சரியா தவறா என்ற பேச்சு முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இனி அந்தத் திட்டுத்திட்டான துணிக்கு வருவோம். தமிழில் இதை உருமறைப்பு என்கிறோம். இதற்கு முன்னோடி காக்கி. 1840களின் இறுதியில் பெஷாவர் பக்கம் பிரித்தானியர் திரட்டிய ஒரு படைப்பிரிவு, பிரித்தானியப் படைகளின் வழக்கமான சிவப்புச் சட்டைக்குப் பதிலாகப் புழுதி நிற உடையை அணிந்தது. ‘காக்’ என்றால் உருதுவிலும் பாரசீகத்திலும் மண், புழுதி. 1915இல், முதலாம் உலகப் போரின் நடுவில், பிரெஞ்சு இராணுவம் ஓவியர்களைச் சேர்த்துத் தனிப் பிரிவொன்றை அமைத்தது. பீரங்கிகள் வானத்திலிருந்து தெரியாதபடி அவற்றின் மேல் நிறம் தீட்டுவது அவர்கள் வேலை. 1929இல் இத்தாலி இராணுவம் அதையே துணியில் அச்சடித்தது. முதலில் கூடாரத்துக்கு, பிறகு சீருடைக்கு. வியட்நாம் போரில் புலியின் வரிகளைப் போன்ற இன்னொரு வகை வந்தது. அந்தப் போர் நடந்த காலத்திலேயே அமெரிக்காவில், போர் வேண்டாம் என்று ஊர்வலம் போன முன்னாள் படையினர் தங்கள் பழைய இராணுவச் சட்டைகளையே போட்டுக்கொண்டு நடந்தார்கள். இராணுவத்தில் மிஞ்சிய உடுப்புகள் மலிவு விலைக் கடைகளுக்கு வந்தன. பாடகர்கள் அணிந்தார்கள், கடைசியில் குழந்தைச் சட்டைக்கும் வந்து சேர்ந்தது.

லண்டனிலோ டோக்கியோவிலோ இதை அணியும் இளைஞர் அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறார். அவருக்கு அது ஃபாஷன். மாமியின் ஊரில் முதல் அத்தியாயமே இன்னும் முடியவில்லை.

இலங்கையில் போர் 1983 முதல் 2009 வரை 26 ஆண்டுகள் நடந்தது. இராணுவத்தின் திட்டுப்போட்ட சீருடை, கிளிநொச்சி இருக்கும் வன்னியில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு என்னவாக இருந்தது? சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னவரின் உடை. இரவில் வீட்டைச் சோதிக்க வந்தவரின் உடை. முகாம் வாசலில் நின்றவரின் உடை. வரிவரியான இன்னொரு சீருடையும் இருந்தது, விடுதலைப் புலிகளுடையது. எங்கள் மக்கள் அதை வரிச்சீருடை என்பார்கள். ஒரு வீட்டில் அது மாலை போட்ட படத்தில் இருக்கும் மகளின் உடுப்பு. பக்கத்து வீட்டில் அதே வரிகள், படிக்கிற பிள்ளையைக் கட்டாயமாகக் கொண்டுபோனவர்களின் உடுப்பு. 2009க்குப் பின் அந்தச் சீருடையோடு இருந்த பிள்ளையின் ஒரே படத்தைப் பயத்தில் எரித்த தாய்மார் இருக்கிறார்கள். குருநாகலில் உள்ள ஒரு சிங்களத் தாய்க்கோ, திட்டுப்போட்ட சீருடை திரும்பி வராத தன் மகன். அந்தத் துயரமும் உண்மையானது. ஒரே துணி, ஒரே நாடு, ஆனால் அதைப் பார்க்கும் கண்களுக்குப் பின்னால் இருப்பது ஒன்றல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரே உடுப்பு எல்லா உடல்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. 2006ஆம் ஆண்டளவில் அண்ணா ஒரு காற்சட்டை வாங்கினார். திட்டு இல்லை, வரி இல்லை. வெறும் கரும்பச்சை, பக்கவாட்டில் பெரிய பைகள். அதைப் போட்டுக்கொண்டு கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் புறப்பட்டபோது அம்மா வாசலில் குறுக்கே நின்றார். “கழற்றிவிட்டுப் போ” என்றார். அண்ணா சிரித்தார்; அம்மா சிரிக்கவில்லை. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பிறந்த இடம் யாழ்ப்பாணம், வயது 22, காலில் பச்சைக் காற்சட்டை. அம்மாவின் கணக்கு எங்களுக்கு அன்று புரியவில்லை. அடுத்த ஆண்டு, 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அதன் பிறகு அண்ணா அந்தக் காற்சட்டையைத் தொடவே இல்லை. அதே காலத்தில், வசதியானவர்கள் வாழும் கொழும்பு ஏழில் நடந்த விருந்துகளுக்கு முழு ஆமி டிசைன் காற்சட்டையோடு வந்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் எந்தச் சந்தியிலும் இறக்கி விசாரித்ததில்லை.

ஆகவே “எனக்குப் பிடித்திருக்கிறது, நான் போடுகிறேன்” என்று ஒருவர் சொல்ல முடிவதே ஒரு வசதி. அந்த வசதி எல்லோருக்கும் கிடைத்ததில்லை. அதற்காக வசதி உள்ளவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். தனக்கு அது இருக்கிறது என்பதை அவர் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படைவீரரின் உடையை அணிவது நம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். 2019 ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பின், மே மாதத் தொடக்கத்தில், பொலிஸ் மற்றும் இராணுவச் சீருடைகளையும் அவற்றை ஒத்த உடைகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் பொதுமக்களைக் கேட்டார்கள். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா, சிம்பாப்வே போன்ற நாடுகளில் பொதுமக்கள் உருமறைப்புத் துணி அணிவதே குற்றம். சுற்றுலாப் பயணிகளுக்கும் விலக்கு இல்லை. சட்டம் பார்ப்பது ஏமாற்றையும் பாதுகாப்பையும். மாமியின் மனம் அதன் எல்லைக்குள் வராது. எனவே சட்டம் தடுக்கவில்லை என்பதை அனுமதிப் பத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இராணுவத் துணியைப் பற்றிப் பேசினோம். பண்பாட்டுக் கோலங்களின் கதை சற்று வேறு. இங்கே அடிக்கடி கேட்கும் சொல் ‘பண்பாட்டு அபகரிப்பு’. வலிமையான ஒரு கூட்டம், தான் அடக்கிய அல்லது இழிவாக நடத்திய இன்னொரு கூட்டத்தின் உடையையோ கோலத்தையோ எடுத்து, பெயரும் சொல்லாமல் பங்கும் கொடுக்காமல் அலங்காரமாக்கிக்கொள்வதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. உரியவர்கள் அதை அணிந்தால் ஏளனம், எடுத்தவர்கள் அணிந்தால் பாராட்டு என்ற நிலை இருந்தால் உறுதியாக அபகரிப்புத்தான். அமெரிக்காவின் நவஹோ மக்கள் தங்கள் நெசவுக் கோலங்களையும் பெயரையும் உள்ளாடையிலும் மதுக் குப்பியிலும் போட்டு விற்ற ஒரு பெரிய நிறுவனத்தின் மேல் 2012இல் வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் இணக்கம் ஏற்பட்டது. அந்த மக்களின் ஆட்சிப் பகுதியில் மது விற்பனைக்கே தடை இருந்தது என்பதைச் சேர்த்து யோசித்தால் அவர்களுக்கு ஏன் வலித்தது என்று புரியும். அந்நாட்டின் சில பூர்வகுடிகளிடம் கழுகு இறகுத் தலையணி என்பது செயலால் ஈட்டும் மதிப்பு, நம்மிடம் பதக்கம்போல. அதை இசை விழாவுக்குப் போட்டுக்கொண்டு போவது, போரில் மகனை இழந்த வீட்டின் முன்னால் பொய்ப் பதக்கம் குத்திக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

ஆனால் பிறர் துணியை எடுப்பதெல்லாம் அபகரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். என் மனதுக்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டு நம்முடைய கட்டத் துணிதான். தாத்தாமார் கட்டிய ‘பளையக்காட்’ சாரத்தின் பெயருக்குள் பழவேற்காடு என்ற ஊர் ஒளிந்திருக்கிறது. சென்னைக் கரையோர நெசவாளர்களின் கட்டம்போட்ட பருத்தி, வணிகக் கப்பல்களில் ஏறி மேற்கு ஆபிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போனது. அடிமை வணிகத்தில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த பொருள்களில் இந்தியத் துணியும் ஒன்று. அதை மறைக்கக் கூடாது. 1786இல், அப்போது ஸ்பானிய ஆட்சியில் இருந்த, இன்று அமெரிக்காவில் உள்ள லூசியானாவில், கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடித்தான் வெளியே வர வேண்டும் என்று ஆளுநர் உத்தரவிட்டார். அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதற்காக வந்த உத்தரவு அது. அந்தப் பெண்கள் பளிச்சென்ற நிறத் துணிகளை, நம் கட்டத் துணியையும்கூட, எடுத்து, மடிப்புக்கு மேல் மடிப்பு வைத்து, பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும்படி கட்டிக்கொண்டார்கள். இன்று கரீபியன் தீவுகளான செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் தேசிய உடையே அந்தக் கட்டத் துணிதான், பெயரும் ‘மெட்ராஸ்’. எந்தத் தமிழராவது அதைத் திருட்டு என்று சொல்வாரா? நான் சொல்லமாட்டேன். அவர்கள் அதற்கு விலையாகத் தந்தது தங்கள் வாழ்க்கை. உருமறைப்புத் துணிக்குத் தடைபோட்ட அதே செயின்ட் லூசியா நம் கட்டத்தைத் தலையில் சூடியிருக்கிறது. எந்தத் துணியில் எந்த நினைவு இருக்கிறது என்று அந்த மக்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் பாலஸ்தீனச் சால்வையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வருபவர்கள் கொண்டுவரும் சிவப்பு வெள்ளைத் துணி கொழும்பில் பலர் வீட்டில் இருக்கிறது. வெயிலுக்குத் தலையில் சுற்ற நல்லது. கறுப்பு வெள்ளையின் கதை வேறு. அது முதலில் கிராமத்து விவசாயிகளின் தலைத்துணி. 1936 முதல் 1939 வரை பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகப் பாலஸ்தீனத்தில் கிளர்ச்சி நடந்தபோது, நகரத்துக்குள் வந்த கிராமத்துப் போராளிகளைப் பிரித்தானியர் அந்தத் தலைத்துணியை வைத்தே அடையாளம் கண்டார்கள். 1938இல் நகரத்து ஆண்களும் தங்கள் சிவப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு அதையே கட்ட வேண்டும் என்று கிளர்ச்சித் தலைமை சொன்னது. எல்லோரும் கட்டினால் யாரைப் பிடிப்பது? அன்றிலிருந்து அது ஒரு மக்களின் கொடி. அவர்களோடு நிற்கிறேன் என்ற எண்ணத்தோடு அதை அணிபவரைப் பாலஸ்தீனர்கள் பெரும்பாலும் வரவேற்கிறார்கள். ஹெப்ரோனில் 1961 முதல் அதை நெய்யும் ஒரு குடும்ப ஆலை இன்றும் இயங்குகிறது. அதன் பொருள் தெரியாமல் பின்னணி நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று கழுத்தில் போடுவதைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன்.

சிவந்த சூரியனிலிருந்து கதிர்கள் பரவும் ஜப்பானிய டிசைன் புறக்கோட்டை நடைபாதைக் கடைகளில்கூடத் தொங்குகிறது. ஜப்பானியப் படைகளின் கொடி அது. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியர்களுக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கும். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் குண்டு போட்டன. நம் நினைவில் அது மங்கிவிட்டது. நமக்கு மங்கியதால் அவர்களுக்கும் மங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

இதுவரை சொன்னதை வைத்து, பார்ப்பவர் மனம் புண்பட்டால் போதும், அணிந்தவர் தவறு செய்தவர் என்று முடிவுகட்டினால் பெரிய ஆபத்து வரும். அதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2019 மே மாதம், ஈஸ்டர் தாக்குதல்களுக்குச் சில வாரங்கள் கழித்து, ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் தன் உடையில் இருந்த சக்கரத்துக்காகக் கைதானார். அது பௌத்த தர்மச் சக்கரம் என்றார்கள். உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்: சுக்கான் சக்கரத்தின் ஆரங்கள் வளையத்தைத் தாண்டி வெளியே கைப்பிடிகளாக நீண்டிருக்கும், மாலுமி பிடித்துத் திருப்புவதற்காக. மாலுமிச் சின்னங்கள் அச்சடித்த துணி நான் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு கோடைகால ஓர்டரிலும் வரும். நங்கூரம், கயிறு, சக்கரம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். அந்தப் பெண் இரண்டு வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். மனித உரிமைகளைக் காப்பதற்காக வந்த சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்ததற்காக நாடு கடத்தப்பட்ட பிரித்தானியச் சுற்றுலாப் பயணிக்கும் 2017இல் அதே நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது.

மாமியும் ஒரு கோலத்தைப் பார்த்து மனம் கலங்கினார்; ஹசலக்கவிலும் ஒரு கோலத்தைப் பார்த்து மனம் புண்பட்டதாகச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றா? மாமியின் கலக்கத்தால் யாரும் சிறைக்குப் போகவில்லை. அவர் சட்டையை மடித்து வைத்தார், அவ்வளவுதான். ஹசலக்கவில் புண்பட்டவர்களின் பின்னால் பொலிஸ் இருந்தது, பெரும்பான்மை இருந்தது. வலி யாருடையது என்று கேட்கும்போதே, அதிகாரம் யாருடைய கையில் என்றும் கேட்க வேண்டும். வலியை மட்டும் பார்த்தால் வலிமை உள்ளவரின் கோபத்துக்கு வளைந்துகொடுப்போம். உரிமையை மட்டும் பார்த்தால் மாமியைக் காணாமல் கடந்துபோவோம்.

நடைமுறைக்கு வருகிறேன். ஒரு துணியைக் கையில் எடுத்தால் முதலில் அதன் பெயரைக் கடைக்காரரிடம் கேளுங்கள். பெயர் தெரிந்தால் பாதி கதை தெரியும். அடுத்து, இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். தெஹிவளையில் கிரிக்கெட் விளையாடும்போது ஒன்றும் ஆகாத சட்டை, முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் முன் இருக்கையில் இருக்கும் அம்மாவின் வயிற்றைக் கலக்கக்கூடும். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் முதுகுப்பை பலமுறை இந்த டிசைனில்தான் இருக்கிறது. திட்டுவதில் பயனில்லை, எடுத்துச் சொன்னால் அவர்களுக்கு உடனே புரிகிறது. யாராவது உங்களிடம் “இது என்னைச் சங்கடப்படுத்துகிறது” என்று சொன்னால், “நான் அப்படி நினைத்துப் போடவில்லை” என்ற பதிலை அவசரமாக எடுத்து நீட்டாதீர்கள். அவர் உங்கள் நினைப்பைக் குறை சொல்லவில்லை. தன் நினைவைச் சொல்கிறார்.

தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். எங்கள் தொழிற்சாலைக்கு ஒருமுறை பெண்களின் இறுக்கக் காற்சட்டைக்கான அச்சு மாதிரி வந்தது. மாங்காய்ப் புட்டாக்களுக்கு நடுவே சிறிய பூப்போல ஏதோ ஒன்று. நிறம் சரிபார்த்து நான் கையெழுத்துப் போடப் போன நேரத்தில், மலையகத்திலிருந்து வந்து தையல் பிரிவில் வேலை செய்த ஒரு பிள்ளை மாதிரியைத் திருப்பிப் பிடித்து, “மிஸ், இது ஓம்” என்றாள். தலைகீழாகப் பார்த்ததால் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. தொடையிலும் பின்புறத்திலும் வர இருந்த ஓம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதினோம். மறுநாளே மாற்று டிசைன் வந்தது, மன்னிப்போடு. வடிவமைத்தவருக்கு அது வெறும் வளைகோடாக இருந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் அந்த மேசையில் இருந்தார், சொல்லவும் துணிந்தார். நான் அந்த வேலையை விட்ட பிறகும் அவளை மறக்கவில்லை.

வீட்டில் ஏற்கெனவே ஆமி டிசைன் சட்டை இருந்தால் எறிய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். முழுப் பருத்தியாக இருந்தால் கறுப்புச் சாயத்தில் முக்கலாம். உப்புப் போட்ட வெந்நீரில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்தால் வெளிர் திட்டுகள் இருண்டுவிடும், கிட்டப்போய்ப் பார்த்தால் மட்டும் திட்டுகள் மெலிதாகத் தெரியும். பொலியெஸ்டர் கலந்த துணியில் அந்தச் சாயம் சரியாக ஏறாது. அதை வீட்டு வேலைக்கு, தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து மாமி வந்து நிற்கும் நாள்களில் மட்டும் அதை முற்றத்துக் கொடியில் காயப்போடாதீர்கள்.